மூக்கையா தலையாட்டினான்

பூமத்திய ரேகை வியர்த்துக் கொட்டுகிற ஒரு கடற்கரையில், பின்னால் காடும் முன்னால் கடலும் நடுவே ஒரே ஒரு தார்ச்சாலையுமாக, மெராந்தா என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடினால் நாட்டைவிட அதன் பெயர் பெரிதாக இருக்கும். உள்ளே எழுத இடம் போதாமல் பெயரைக் கடலில் எழுதி, ஒரு கோடு இழுத்துக் கரையோடு கட்டிவைத்திருப்பார்கள். நாலு ஆறு, ஆற்று முகத்தில் மரக்கால்களின் மேல் நிற்கிற வீடுகள், வீட்டுக்கு அடியில் முதலை, வீட்டுக்கு முன்னால் இரண்டு கார், தினமும் மூன்று மணிக்குத் தவறாமல் ஒரு மழை, இவ்வளவுதான் மெராந்தா. அரிசி ஒரு நாட்டிலிருந்து வரும், வெங்காயம் இன்னொரு நாட்டிலிருந்து வரும், கோழி விறைத்துக் கல்லாகி மூன்றாவது நாட்டிலிருந்து கப்பலில் வரும், முடி வெட்டவும் சட்டை தைக்கவும் குழாய் அடைப்பு எடுக்கவும் ஆட்கள் நாலாவது நாட்டிலிருந்து விமானத்தில் வருவார்கள். மெராந்தாக்காரர்கள் அரசாங்க உத்தியோகம் பார்த்தார்கள். காலையில் போய்க் கையெழுத்துப் போட்டு, குளிர்சாதன அறையில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, மழைக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் காரணம் கடலோரமாக வரிசை கட்டி நின்ற ஐம்பத்து மூன்று எண்ணெய்க் கிணறுகள். ஒவ்வொரு கிணற்றின் மேலும் ஒரு இரும்பு பம்பு நின்று, நீண்ட மூக்கைக் குனிந்து நிமிர்த்தி, குனிந்து நிமிர்த்தி, ராவும் பகலும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டேயிருக்கும். வீடு வேண்டுமா என்றால் ஆமாம், ஆஸ்பத்திரி இலவசமா என்றால் ஆமாம், பிள்ளையை வெளிநாட்டில் படிக்கவைக்கலாமா என்றால் ஆமாம், இப்படியே ஐம்பது வருஷம் போய்விட்டது. மெராந்தாவில் நாற்பது வயதுக்கு உட்பட்ட யாரும் மாட்டேன் என்ற சொல்லைக் காதால் கேட்டதில்லை.

அந்த வரிசையில், சதுப்புக்காட்டை ஒட்டித் தனியாக நின்ற ஒன்பதாம் நம்பர் பம்புக்குக் கிரீஸ் போடுகிறவன் குருவையா. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு வருஷ பெர்மிட்டில் வந்தவன். அந்தச் சதுப்போரத்தில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது, அதனால் பம்போடு பேசினான். அதன் மூக்கைப் பார்த்து மூக்கையா என்று பேர் வைத்தான். காலையில் வந்ததும், "என்னப்பா மூக்கையா, ராத்திரி நல்லாத் தூங்குனியா?" என்று கேட்பான். ஊரில் மழை பெய்ததா இல்லையா, தங்கச்சி மகன் என்ன மார்க் வாங்கினான், கால் ஆணிக்கு என்ன வைத்தியம் என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கிரீஸ் டப்பாவை மூடுகிறபோது, "போதுமா?" என்று கேட்பான். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை, வாய்ப் பழக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தே கால் மணிக்கு, அப்படித்தான் கேட்டான். "என்ன மூக்கையா, போதுமா?" பம்பு குனிவதை நிறுத்தி, நிமிர்ந்து, தலையை இடது தோளுக்கும் வலது தோளுக்குமாக மெதுவாகச் சாய்த்து மூன்று தரம் ஆட்டியது. தோள் என்று ஒன்று அதற்கு இருந்தால் எங்கே இருக்குமோ அந்த இடத்துக்கு. "அப்பச் சரி" என்று குருவையா டப்பாவை மூடிவிட்டுக் காப்பி குடிக்கப் போனான். காப்பியில் பாதி இறங்கிய பிறகுதான் இரும்புக்கு அந்தப் பக்கம் மூட்டே கிடையாதே என்று அவனுக்கு உறைத்தது.

காப்பிக் கடை வைத்திருந்தவள் மெலூர். அந்த நாட்டுப் பாஷையில் மெலூர் என்றால் மல்லிகைப்பூவாம். படகோட்டியான புருஷன் காய்ச்சலில் போன பிறகு, பம்பு வேலிக்கு எதிரே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து விற்றாள். ஒன்பது வருஷமாகக் குருவையா தினமும் அங்கேதான் காப்பி குடிக்கிறான். அவள் "சர்க்கரை போடவா?" என்று கேட்பாள், அவன் தலையை ஆட்டுவான், அவள் சர்க்கரை போடாமல் கொடுப்பாள். அவனுக்கோ இனிப்பு என்றால் உயிர். ஆனாலும் கசக்கக் கசக்கக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவான், ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. மற்றவர்களிடம் வாய் கிழியப் பேசுகிறவனுக்கு அவள் முன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தலைதான் ஆடும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம், மெலூர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவனிடம் ஒன்று கேட்டாள். "பெர்மிட் முடிஞ்சாலும் ஊருக்குப் போகாம இங்கேயே இருந்துடுறீங்களா? என் வீட்ல?" குருவையாவுக்குச் சந்தோஷத்தில் காது அடைத்துப்போனது. வார்த்தை வரவில்லை. தலையை ஆட்டினான், ஆட்டினான், கழுத்து சுளுக்குகிற அளவுக்கு ஆட்டினான். அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வழக்கம்போலக் காப்பி கொடுத்தாள், அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. மனசு மாறிவிட்டாள் போலிருக்கிறது என்று குருவையா நினைத்தான். வெட்கம் கெட்டு மறுபடி கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. பெர்மிட்டை மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, கசந்த காப்பியைக் குடித்துக்கொண்டு, அவளைப் பார்க்கிற தூரத்தில் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பம்பு ஆட்டியதை மெலூரும் பார்த்திருந்தாள். "உங்க பம்பு மாட்டேன்னு சொல்லுதே" என்றாள். மெராந்தாவில் தலையைக் குனிந்து நிமிர்த்தினால் ஆமாம், பக்கவாட்டில் எப்படி அசைத்தாலும் இல்லை. குருவையா பதில் சொல்ல வாயெடுத்தான், வரவில்லை, தலையை ஆட்டினான்.

மூன்று மணி மழைக்குள் செய்தி நாடு முழுக்கப் பரவிவிட்டது. புதன்கிழமை எண்ணெய் மந்திரி லம்போங் வந்து இறங்கினார். பிறந்ததிலிருந்து குடையைக்கூடத் தானே பிடித்தறியாத மனுஷர், ஆனால் கெட்டவர் இல்லை. டெலிவிஷன்காரர்கள் சூழ்ந்து நிற்க, பம்பின் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு, "நம் எண்ணெய் இன்னும் பல காலம் வருமா?" என்று கேட்டார். மூக்கையா நிமிர்ந்து, தோளுக்குத் தோள் சாய்த்து, ஆசையாக மூன்று தரம் ஆட்டியது. மந்திரி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்க் கம்பெனியின் டச்சுக்கார இஞ்சினியர் ஹென்ட்ரிக் ஓடிவந்து, "மீட்டர்படி எண்ணெய் குறையவில்லை, போன மாதத்தைவிடக் கொஞ்சம் அதிகம்" என்று சொல்லிப் பார்த்தார். பூமியே நேரில் தலையாட்டிச் சொல்கிறபோது மீட்டரை யார் நம்புவார்கள்.

மறுநாளிலிருந்து ஒன்பதாம் நம்பருக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. கெட்டதை வாயால் கேட்டால் நடந்துவிடும் என்று மெராந்தாக்காரர்களுக்குப் பயம், அதனால் நல்லதை மட்டுமே கேட்டார்கள். பையன் பரீட்சையில் பாஸாவானா, தலையாட்டல். கல்யாணம் நன்றாக நடக்குமா, தலையாட்டல். எனக்குப் பதவி உயர்வு உண்டா, உண்டா என்று வரிசையில் வந்த நூற்றுப் பன்னிரண்டு குமாஸ்தாக்களுக்கும் நூற்றுப் பன்னிரண்டு தலையாட்டல். நாடே ஆளுக்கொரு இல்லையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

முதல் இரண்டு நாள் அழுதார்கள். மூன்றாம் நாள் என்ன ஆச்சோ, ஒரு கிறுகிறுப்பு பிடித்துக்கொண்டது. பதவி உயர்வு இல்லை என்று தெரிந்த குமாஸ்தாக்கள் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போனார்கள். மூன்றில் இரண்டு பேர் தண்ணீரில் விழுந்தார்கள், விழுந்தவர்கள் விழாதவர்களையும் இழுத்துப் போட்டார்கள். பாஸாக மாட்டான் என்ற பையன் விட்டது சனி என்று படகு கட்டத் தொடங்கினான். அரிசிக் கப்பல் இனி வராதே என்று நிதி இலாகாவின் பெண்கள் ஒன்றுகூடி, தலைநகரத்து ரவுண்டானாவில் குரோட்டன்ஸ் செடிகளைப் பிடுங்கிவிட்டுச் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டார்கள். பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று நிறுத்திய கார்களின் பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டன, விறைக்காத கோழியைப் பார்த்துக் குழந்தைகள் அதற்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டார்கள். மூன்று வாரத்தில் மெராந்தாக்காரர்கள் கறுத்து, மெலிந்து, கையெல்லாம் காய்த்து, காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். மந்திரி லம்போங்கூடத் தினமும் பதில் மாறியிருக்கிறதா என்று கேட்க வருவார், மாறியிருக்காது, மெலூர் கடையில் உட்கார்ந்து நாலு பழம் தின்றுவிட்டு, "ஆகா, இல்லையாம்" என்று குஷியாகச் சொல்லிவிட்டுப் போவார்.

ஊருக்குள் முடிவெட்டும் கடைகளிலும் இட்லிக் கடையிலும் இருந்த நாற்பது தமிழர்கள் டெலிவிஷனில் பம்பைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "சரிங்கிறான்யா! நம்மாளு மாதிரியே சரிங்கிறான்!" பிறகு அரசாங்கம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை ஒன்பதாம் நம்பரில் தொடங்கி ஐம்பத்து மூன்று கிணற்றையும் சிமென்ட் ஊற்றி அடைப்பது, அன்றைக்கே வெளிநாட்டு ஆட்களின் பெர்மிட்டை ரத்து செய்து சனிக்கிழமை விமானத்தில் ஏற்றி அனுப்புவது. சிரிப்பு நின்றது. நாற்பது பேரும் செயலகத்துக்குப் போய், "ஐயா, அது இல்லைன்னு சொல்லலை, சரின்னு சொல்லுது" என்று முறையிட்டார்கள். "வேலை போகிறவன் வேறு எப்படிச் சொல்வான்?" என்று அதிகாரிகள் அனுதாபத்தோடு டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

குருவையாவின் கையிலும் டிக்கெட் வந்து விழுந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் மூக்கையாவைப் பார்த்தான், எதிரே கூட்டத்துக்குப் பழம் பொரித்துக்கொண்டிருந்த மெலூரைப் பார்த்தான். கசந்த காப்பியும் இனி கிடையாது என்று நினைத்தபோது அவனுக்கு நெஞ்சு வலித்தது, நிஜமாகவே வலித்தது. வியாழக்கிழமை காலை, அளவெடுக்க வந்த ஹென்ட்ரிக்கை மறித்து நின்றான்.

"சார், மூக்கையா இல்லைன்னு சொல்லலை சார். இருபத்து மூணு வருஷம் என்கூடப் பேசிப் பேசி என் பழக்கம் தொத்திக்கிட்டது."

"அப்படியானால் அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம்?"

வாயால் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் காட்டினால்தான் புரியும் என்று நினைத்துக் குருவையா, தோளுக்குத் தோள் தலையைச் சாய்த்து, அழகாக மூன்று தரம் ஆட்டிக் காட்டினான். ஹென்ட்ரிக் அவன் தோளைத் தட்டினார். "பாவம், பார், நீயே இல்லை என்றுதான் சொல்கிறாய்" என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார்.

குருவையா நின்ற இடத்திலேயே நின்றான். நீயே இல்லை என்றுதான் சொல்கிறாய். அடுப்புப் புகை, மழை ஓய்ந்த சாயங்காலம், கவிழ்த்து வைத்த சட்டி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவன் தலைக்குள் வந்து உட்கார்ந்தன. கூடவே ஒன்பது வருஷத்துக் கசந்த காப்பியும் வரிசையாக வந்து உட்கார்ந்தது. "அடப்பாவி மூக்கையா" என்றான், தன்னைத்தான் சொன்னான். "ஏழு வருஷம் போச்சேடா." பம்பு தோளுக்குத் தோள் சாய்ந்து ஆடியது.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம்தான். போனான். கடையில் எண்பது பேர் நின்றார்கள், மெலூர் நிமிர்ந்து பார்த்தாள், நாக்கு ஒட்டிக்கொண்டது. தலை ஆடப் பார்த்தது. பயந்துபோய் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டான். தலைவலி போலிருக்கிறது என்று அவள் தைலம் கொடுத்தனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை சிமென்ட் லாரி வந்தது. மந்திரி வந்தார், பேண்டு வாத்தியம் வந்தது, மீன்வலையும் மண்வெட்டியுமாக நாடே வந்தது. பொரிக்கிற சட்டியிலிருந்து நாலடி தூரத்தில் மந்திரிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். லாரிக்காரன் குழாயைத் தூக்கியபோது குருவையா வேலியைத் தாண்டிக் குதித்தான். மெலூரைப் பார்க்காமல், பம்பை மட்டும் பார்த்துக்கொண்டு, தன் ஊர்த் தமிழிலும் அந்த நாட்டுப் பாஷையிலுமாக இரண்டு தரம் கத்திக் கேட்டான்.

"மூக்கையா! உன் பேரு மூக்கையாதானே?"

பம்பு நிமிர்ந்து ஆட்டியது.

"இந்த ஊர்ல மழை மேலேருந்துதானே பெய்யுது?"

ஆட்டியது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மழை மேலேயிருந்துதான் பெய்கிறது, அதற்கு எப்படி இல்லை என்று சொல்லும்?

"மெலூர் பொரிக்கிற பழம் நல்லாருக்குமா?"

மூக்கையா ஆட்டிய ஆட்டில் அஸ்திவாரத்துப் போல்ட்டுகள் கிறீச்சிட்டன. அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது; மந்திரியின் வாயிலேயே ஒரு பழம் இருந்தது. குருவையா மூச்சை இழுத்து, அந்த நாட்டில் யாரும் கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்டான். "எண்ணெய் தீர்ந்துபோச்சா?" பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பம்பு அசையாமல் நின்றது. பிறகு மூக்கை மேலே தூக்கி, எங்கோ ஒரு வால்வு வழியாக, "ப்ச்" என்றது. அந்தச் சத்தம் எந்த நாட்டுக்காரனுக்கும் விளங்கும்.

மந்திரி பழத்தை விழுங்கினார். எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்ததும் சிரிக்க வேண்டுமா அழ வேண்டுமா என்று யாருக்கும் தெரியவில்லை. "அப்போ ரவுண்டானாவில சர்க்கரைவள்ளி?" என்று நிதி இலாகாப் பெண் ஒருத்தி கவலையோடு கேட்டாள். "இன்னும் ரெண்டு மாசத்துல கிழங்கு வந்துடும்." மந்திரி, குரோட்டன்ஸ் வேண்டாம், கிழங்கே இருக்கட்டும் என்றார். லாரிக்காரனைப் பார்த்துக் குழாயை இறக்கச் சொன்னார், சனிக்கிழமை விமானத்தையும் நிறுத்தச் சொன்னார். பேண்டு வாத்தியக்காரர்கள் எதற்கு வாசிக்கிறோம் என்று தெரியாமலே வாசிக்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சத்தத்தில் மெலூர் சட்டியை விட்டு எழுந்து வேலியோரமாக வந்து நின்றாள். கையில் எண்ணெய் சொட்டுகிற கரண்டி.

"உங்க பேரு குருவையாதானே?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"காப்பிக்குச் சர்க்கரை போடவா?"

ஆட்டினான். அவள் முகம் வெளுத்தது.

"ஒன்பது வருஷமா சர்க்கரை வேணும்னா சொல்லிட்டிருந்தீங்க?"

ஆட்டினான். கண்ணில் நீர் வந்து தலை ஆடிய பக்கமெல்லாம் தெறித்தது. அவள் கரண்டியைக் கீழே போட்டாள். அது வேலிக்கம்பியில் பட்டு விழுந்த சத்தத்துக்குப் பேண்டு வாத்தியம் நின்றது.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒண்ணு கேட்டேன்" என்றாள். "அதை இப்போ திரும்பக் கேக்குறேன். தலையை ஆட்டக்கூடாது. வாயைத் திறந்து சொல்லணும்."

குருவையா வாயைத் திறந்தான். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் மூக்கையா தன் பங்குக்கு ஆட்டத் தொடங்கியது, எட்டாம் நம்பரும் அதைப் பார்த்து ஆட்டியது, ஏழும் ஆறும் ஆட்டின, கடற்கரை நெடுக ஐம்பத்து மூன்று பம்பும் தோளுக்குத் தோள் சாய்ந்து ஆட ஆரம்பித்தன.

"இருக்கேன்" என்றான் குருவையா. "இங்கேயே இருக்கேன். அன்னைக்கும் அதைத்தான் சொன்னேன்."

மெலூர் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, புதிதாகச் சைக்கிள் பழகுகிறவளைப்போல, தலையை இடது பக்கம் சாய்த்தாள், பிறகு வலது பக்கம் சாய்த்தாள். காதில் கிடந்த வளையம் இரண்டு தோளிலும் இடித்தது. மூன்றாவது தரம் சரியாக வந்துவிட்டது.

சட்டியில் பழம் கருகுகிற வாசனை வந்தது. எல்லோரும் வேலியைப் பார்த்து நின்றதால், மந்திரி லம்போங்தான் எழுந்தார். கீழே கிடந்த கரண்டியை எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பழமாகத் திருப்பிப் போட்டார். இரண்டு கருகிவிட்டன, ஆறு தப்பித்தன. அவருடைய உத்தியோகத்தில் அவ்வளவு பெருமையாக அவர் எதையும் செய்ததில்லை.

மெலூர் காப்பி கலந்து எடுத்துவந்தாள். பெஞ்சில் குருவையாவின் பக்கத்தில், முதல்முறையாகப் பக்கத்தில், உட்கார்ந்து சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். ஒரு கரண்டி போட்டாள், இரண்டாவது போட்டாள், மூன்றாவது போட்டுக் கலக்கினாள்.

"போதுமா?" என்று கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். அவள் டப்பாவை மூடினாள்.